பழைய அட்டவணையில் ஒளி வேகம் குறைகிறதே, ஏன்?

பழைய பாடநூல் ஒன்றில் ஒளியின் வேகம் 1926-இல் 2,99,796, 1935-இல் 2,99,774, 1950-இல் 2,99,792.5 கி.மீ./விநாடி என்று இருப்பதைக் கண்ட கல்லூரி மாணவர் ஒருவர், அது காலப்போக்கில் மாறுகிறதா, மாறினால் எங்கள் ஆய்வகத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

எண்கள் சரியானவையே, ஆனால் அந்த அட்டவணையில் பிழை வரம்பு என்ற பத்தி விடுபட்டிருக்கிறது. இயற்பியலாளர் மைக்கேல்சனின் 1926 அளவீட்டுக்கு அது ±4 கி.மீ. அவர் தொடங்கி, அவர் மறைந்த பின் உடன் பணியாற்றியோர் முடித்த, 1935 மதிப்பைத் தந்த ஒரு மைல் நீள வெற்றிடக் குழாய்ச் சோதனைக்கு ±11. 1941-இல் ஏற்கப்பட்ட 2,99,776 ±4 என்ற மதிப்போ இன்றைய மதிப்பிலிருந்து 16 கி.மீ. தள்ளி நின்றது. ஆய்வாளர் தமக்குத் தெரிந்த பிழைகளை மட்டுமே கணக்கிட முடியும். விடை முன்னவரின் விடையோடு ஒத்துப்போனதும் பிழை தேடும் ஆர்வமும் தணிந்துவிடுகிறது என்பதே என் கணிப்பு. ஒளி உண்மையிலேயே மெதுவாகிக்கொண்டிருந்தால், கருவிகள் நுட்பமாக ஆக அந்தச் சரிவு தெளிவாகியிருக்க வேண்டும். மாறாக 1950-க்குப் பிறகு வந்த அளவீடுகள், 1972-இன் லேசர் அளவீடு உட்பட, ஒரே மதிப்பைச் சுற்றியே நெருங்கின.

1983-இல் ஒளி வெற்றிடத்தில் 1/29,97,92,458 விநாடியில் செல்லும் தொலைவே மீட்டர் என்று வரையறுத்துவிட்டதால், இனி அந்த வேகத்தை 'அளப்பது' என்பதற்குப் பொருளில்லை. அப்படியானால் மாற்றம் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளுமே என்று தோன்றலாம். அது ஓரளவு நியாயமான ஐயம்தான். ஓர் எஃகுச் சட்டத்தின் நீளம் ஒளி-மீட்டரில் மாறினால், மாறியது ஒளியா, சட்டத்தின் அணுக்களா என்று எந்தச் சோதனையாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே இயற்பியலாளர்கள் அலகே இல்லாத ஓர் எண்ணைக் கண்காணிக்கிறார்கள்: எலக்ட்ரான் மின்னூட்டம், பிளாங்க் மாறிலி, ஒளி வேகம் முதலியன சேர்ந்து உருவாக்கும் நுண்ணமைப்பு மாறிலி, ஏறத்தாழ 1/137.036.

வெவ்வேறு அணுக்களால் இயங்கும் கடிகாரங்களை ஒப்பிட்டதில், ஆண்டுக்கு ஆயிரம் கோடி கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட அது நகர்ந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இதைவிட வியப்பூட்டுவது காபோன் நாட்டின் ஓக்லோ. அங்கே ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேனியத் தாது தானாகவே அணு உலையாக எரிந்தது. சமாரியம்-149 என்ற அணு வகை நியூட்ரானை விழுங்கும் வேகம் இந்த மாறிலிக்கு மிகவும் நுட்பமாக எதிர்வினை காட்டும் என்பதால், எஞ்சிய தாதுவில் அதன் அளவைக் கொண்டு கணக்கிட்டார்கள். பிற மாறிலிகள் மாறவில்லை எனக் கொண்டால், இம்மாறிலி சுமார் ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் மாறியிருக்க முடியாது.

பிரபஞ்சத்தின் தொடக்கக் கணங்களில் ஒளி மிக வேகமாகச் சென்றிருக்கலாம் என்று மோஃபட், ஆல்பிரெக்ட், மகேஜோ ஆகியோர் 1990-களில் முன்வைத்த கோட்பாடுகள் உண்டு. அவற்றுக்கு இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. உங்கள் அட்டவணைக்கும் அவற்றுக்கும் தொடர்பும் இல்லை.

ஆய்வகத்தில் 2,97,000 வந்தால் ஒளியைச் சந்தேகிக்காமல், கண்ணாடிகளுக்கு இடையேயான தொலைவையும் கால அளவியையும் சரிபாருங்கள். பிறகு காற்றுக்கான திருத்தத்தைச் சேருங்கள்: காற்றில் ஒளி வெற்றிடத்தைவிட விநாடிக்குச் சுமார் 80 முதல் 90 கி.மீ. மெதுவாகச் செல்கிறது, உங்கள் அட்டவணையின் மொத்த ஏற்ற இறக்கமோ வெறும் 22 கி.மீ.