நாலு மீட்டருக்கு உள்ளேயா, வெளியேயா?

கேள்வி: தாம்பரம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நான், கணவர், 12, 8 வயதில் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலி உள்ள மாமியார் என ஐந்து பேர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அன்றாடம் வண்டி வேண்டும். லீவு விட்டால் தென்காசிக்குக் கிளம்பிவிடுவோம். கையில் இருக்கும் பணத்துக்கு நெக்ஸான் போன்ற காம்பாக்ட் எஸ்யூவியில் டாப் மாடலோ, கிரெட்டா போன்ற மிட்சைஸ் எஸ்யூவியில் கீழ் மாடலோ வாங்கலாம். எங்கள் தெரு குறுகல். பெரிய வண்டி சரிப்படுமா?

பதில்: முதலில் தெருவைப் பற்றிய பயத்தை விடுங்கள். நெக்ஸானின் அகலம் 1,804 மி.மீ., கிரெட்டாவின் அகலம் 1,790. சின்ன வண்டிதான் ஒரு விரல் கூடுதல்! மகிந்திரா 3எக்ஸ்ஓ இன்னும் அகலம், 1,821. சந்தில் எதிரே லோடு ஆட்டோ வந்தால் எல்லோருக்கும் ஒரே கதிதான்.

வித்தியாசம் நீளத்தில் இருக்கிறது. வரிச்சலுகைக்காக நெக்ஸானை நாலு மீட்டருக்குள் முடித்துவிட்டார்கள். கிரெட்டா 4,330 மி.மீ. ஏறக்குறைய ஒரு அடி அதிகம். முனையில் ஒரே வீச்சில் திருப்பும்போதும், நிற்கிற இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழைக்கும்போதும் அந்த ஒரு அடி தெரியும். அடுக்ககத்தில் பார்க்கிங் வழக்கமாக 5 மீட்டர் நீளம் இருக்கும், இரண்டுமே நிற்கும். உங்கள் இடத்தில் தூண் எங்கே வருகிறது என்று மட்டும் டேப் பிடித்துப் பாருங்கள். மாமியார் ஏறுகிற பக்கத்துக் கதவு முழுசாகத் திறக்க வேண்டுமே.

சரி, அந்த ஒரு அடியில் என்ன கிடைக்கிறது? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே (இதைத்தான் வீல்பேஸ் என்பார்கள்) நெக்ஸானில் 2,498 மி.மீ., கிரெட்டாவில் 2,610. இந்த 11 செ.மீ.யில் பெரும்பங்கு பின்சீட்டில் கால் நீட்ட உதவுகிறது. தென்காசி சுமார் 600 கிலோமீட்டர். முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய விஷயம். அடுத்து டிக்கி: நெக்ஸானில் 382 லிட்டர், கிரெட்டாவில் 433. போகும்போது இரண்டிலும் சமாளித்துவிடலாம். திரும்பும்போதுதான் அரிசி மூட்டை, தேங்காய், மாங்காய்ப் பை என்று சேரும். ஐந்து பேரும் உட்கார்ந்த பிறகு பின்சீட்டை மடக்க வழியில்லை. 60:40 மடிப்பு என்று ஷோரூமில் காட்டுவதெல்லாம் உங்களுக்கு உதவாது. மீதிப் பை எல்லாம் பிள்ளைகளின் மடிக்கு வரும்.

அதனால் உங்களுக்கு மிட்சைஸ்தான் என்பேன், சன்ரூஃப் இல்லாவிட்டாலும். ஆறு ஏர்பேக் இரண்டு வண்டியிலும் கீழ் மாடலிலிருந்தே உண்டு. பெரிய திரையையும் ரிவர்ஸ் கேமராவையும் பிறகு போட்டுக்கொள்ளலாம். பின்சீட்டு ஏசி வென்ட்டைப் பிறகு போட முடியாது, அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஊர்ப்பயணம் வருடத்துக்கு ஒரு தடவைதான் என்றால் என் பதில் மாறும்: காம்பாக்ட் போதும். அதிலும் 3எக்ஸ்ஓவைப் பாருங்கள். அதன் வீல்பேஸ் 2,600, கிரெட்டாவை எட்டிப்பிடிக்கிறது. ஆனால் டிக்கி 295 லிட்டர்தான். காலுக்குக் கொடுத்ததை மூட்டையிடம் பிடுங்கிவிட்டார்கள்.

பட்ஜெட் போடும்போது ஒன்று. தமிழ்நாட்டில் வாகன விலை 10 லட்சத்தைத் தாண்டினால் சாலை வரி 13 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிடும், அதுவும் முழு விலைக்கும். 9.8 லட்சத்துக்கு 1,27,400 ரூபாய், 10.2 லட்சத்துக்கு 1,83,600. காம்பாக்ட் டாப் மாடலும் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுவதால், “சின்ன வண்டி, வரி கம்மி” என்று யாராவது சொன்னால் எந்த வரி, ஜிஎஸ்டியா சாலை வரியா என்று கேளுங்கள்.

கேள்வி: பிரெஸ்ஸாவும் நாலு மீட்டருக்குள்தானே இருக்கிறது? ஜிஎஸ்டி குறைந்தபோது மற்ற சின்ன எஸ்யூவிகள் அளவுக்கு அதன் விலை ஏன் இறங்கவில்லை?

பதில்: குறைந்த ஜிஎஸ்டிக்கு நீளம் மட்டும் போதாது. பெட்ரோல் என்றால் இன்ஜின் 1,200 சிசிக்குள்ளும், டீசல் என்றால் 1,500க்குள்ளும் இருக்க வேண்டும். 2006 பட்ஜெட்டில் சின்ன காருக்குச் சலுகை கொடுத்த காலத்திலிருந்து வருகிற கணக்கு இது. பிரெஸ்ஸாவில் இருப்பது 1,462 சிசி பெட்ரோல். ஆகவே 22 செப்டம்பர் 2025 முதல் நெக்ஸான் பெட்ரோலுக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி 18க்கு இறங்கியது. பிரெஸ்ஸாவுக்கு 45லிருந்து 40தான். கிரெட்டாவுக்கும் அதே 40. அதற்காகப் பிரெஸ்ஸாவை ஒதுக்க வேண்டாம். மாருதியின் மிட்சைஸ் எஸ்யூவியான கிராண்ட் விட்டாராவின் சாதாரண பெட்ரோல் மாடலிலும் இதே இன்ஜின்தான், பிரெஸ்ஸாவில் அது இழுக்க வேண்டிய எடை குறைவு.

கேள்வி: மைலேஜுக்காக கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் ஓட்டும் மாடல்) எடுக்கலாமா? குடும்பம் பெரிது, சாமான் அதிகம்.

பதில்: சாமான் அதிகம் என்றால் யோசியுங்கள். பேட்டரி பின்னால் உட்கார்ந்திருப்பதால் டிக்கி 373 லிட்டரிலிருந்து 265 ஆகிவிடுகிறது. பிரெஸ்ஸாவில்கூட 328 இருக்கிறது. ஓட்டம் பெரும்பாலும் நகர நெரிசலில் என்றால் ஹைபிரிட்டின் மைலேஜ் நன்றாகத் தெரியும். நெடுஞ்சாலையில் அந்த லாபம் சுருங்கும். வீட்டில் இருக்கிற பெரிய பெட்டி இரண்டை ஷோரூமுக்கே எடுத்துப் போய் டிக்கியில் வைத்துப் பாருங்கள். மைலேஜ் பேச்சு அப்புறம்.