ராபின்சனுக்கு முன்னால் யாருமே இல்லையா?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் 1947-இல் ஜாக்கி ராபின்சன் வந்துதான் கறுப்பர்களைச் சேர்க்காத நிறத்தடையை உடைத்தார் என்கிறார்கள். அதற்கு முன்பே திறமையான கறுப்பின வீரர்கள் இருந்திருந்தால், லாபமே குறியான அணி முதலாளிகள் அவர்களைச் சேர்க்காமல் விட்டிருப்பார்களா?
- வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: விடவில்லையே! சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் துரத்தினார்கள்.

பட் ஃபௌலர் என்று ஒருவர். 1858-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், முடிதிருத்துபவரின் மகன். இயற்பெயர் ஜான் ஜாக்சன். 1878-இல் மாசசூசெட்ஸில் லின் நகர அணிக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடினார். தெரிந்தவரை, தொழில்முறையாக ஆடிய முதல் கறுப்பின வீரர் இவர்தான். அதே ஆண்டு ஏப்ரலில், முந்தைய ஆண்டின் சாம்பியனான பாஸ்டன் அணியை ஒரு காட்சிப் போட்டியில் பந்துவீசி 2-1 என்று தோற்கடித்தார். வயது இருபது. திறமைக்கு இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

பிறகு பெரும்பாலும் இரண்டாவது பேஸில் ஆடினார். ஓடிவருபவர் காலை நீட்டிச் சறுக்கிக்கொண்டு வந்து சேரும் இடம் அது. ஷூவின் அடியில் ஆணி. வெள்ளை ஆட்டக்காரர்கள் பேஸைவிட ஃபௌலரின் முழங்காலுக்குக் கீழேதான் குறிவைத்தார்கள். அவர் மரத்தால் காப்பு செய்து காலில் கட்டிக்கொண்டு ஆடினார். ஸ்டில்வாட்டர், கியோகக், டொபீகா என்று ஊர் ஊராக அணி மாறினார். எங்கே போனாலும் நன்றாகத்தான் ஆடினார், எங்கேயும் நிலைக்கவிடவில்லை.

1887-இல் பிங்ஹாம்டன் அணி. மட்டையடிச் சராசரி .350, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 350 வெற்றி அடி; மிக நல்ல கணக்கு. அவரோடு ஆட மாட்டோம் என்று சொந்த அணிக்காரர்களே முரண்டு பிடித்தார்கள். நிர்வாகம் அவரை அனுப்பிவிட்டது. அந்த ஜூலை 14 அன்று, இனிக் கறுப்பின வீரர்களுடன் புதிய ஒப்பந்தம் கிடையாது என்று பிங்ஹாம்டன் ஆடிய தொடரான இன்டர்நேஷனல் லீக்கின் நிர்வாகிகள் வாக்களித்து முடிவு செய்தார்கள்.

லாபம் என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். 1883-இல் சிகாகோ அணித்தலைவர் கேப் ஆன்சன், எதிரணியான டொலீடோவில் கறுப்பின வீரர் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் இறங்கினால் ஆட மாட்டேன் என்றார். ஆடாவிட்டால் டிக்கெட் வசூலில் பங்கு கிடையாது என்றதும் முணுமுணுத்துக்கொண்டே ஆடினார். அடுத்த ஆண்டு அதே வாக்கர் மேஜர் லீக் எனும் உயர்மட்டத் தொடரிலேயே 42 ஆட்டங்கள் ஆடினார், ராபின்சனுக்கு 63 ஆண்டுகள் முன்னால். அதுவரை உங்கள் வாதம் சரி. ஆனால் ஒரு கறுப்பரை வைத்துக்கொண்டால் பத்து வெள்ளையர் போய்விடுவார்கள் என்ற நிலை வந்ததும், அதே முதலாளிகள் அதே லாபக் கணக்கைப் போட்டுத்தான் ஃபௌலர்களை வெளியே தள்ளினார்கள். காசுக்கு நிறம் தெரியாது என்று நம்புவது உங்கள் நல்ல மனசு.

தன் தோல் இவ்வளவு கறுப்பாக இல்லாதிருந்தால் ஸ்பானியன் என்று சொல்லியாவது நுழைந்திருப்பேன் என்று ஃபௌலரே ஒருமுறை சொன்னார். 1895-இல் மிச்சிகனில் ஒரு கம்பிவேலிக் கம்பெனியின் ஆதரவோடு, முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்ட அணியைக் கட்டினார். அவர்களுக்கென்றே தனி ரயில் பெட்டி. படுக்கை, சாப்பாடு எல்லாம் அதற்குள். ஆட்டத்துக்கு முன் ஊருக்குள் சைக்கிள் ஊர்வலம் வேறு, கூட்டம் சேர்க்க! 1913-இல் ஏழையாகத்தான் இறந்தார்.

பேஸ்பாலின் புகழ் மண்டபம் கூப்பர்ஸ்டவுனில் 1939-இல் திறக்கப்பட்டது. ஃபௌலர் சிறுவயதில் வளர்ந்த ஊரும் அதுதான். உள்ளூர்க்காரருக்கு அங்கே இடம் கொடுத்தது 2022-இல்.