“வேலைக்குப் போறேன்க்கா” என்கிறான் தம்பி. அனுப்பலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். ஆறு வருடத்துக்கு முன் மனச்சிதைவு நோய் என்றார்கள். இரண்டு வேலையில் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டான். மூன்று வருடமாக வீட்டில்தான் இருக்கிறான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறான், காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. இப்போது அவனாகவே வேலைக்குப் போகிறேன் என்கிறான். “முழுசா குணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்கிறார் அப்பா. அனுப்பலாமா? கம்பெனியில் நோயைச் சொல்ல வேண்டுமா? மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் பெயர் கெட்டுவிடாதா?
– ஒரு சகோதரி, பெரம்பூர்

பதில்: போகட்டும். அவராகவே கேட்கிறார் என்பதைவிடப் பெரிய தகுதி வேறு வேண்டியதில்லை.

அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் “முழுசா குணமாகட்டும்” என்று காத்திருந்தே பத்து, பதினைந்து வருடங்களைத் தொலைத்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோய்க்காரரை முழுசாகக் குணமான பிறகு வேலைக்குப் போ என்று யாரும் சொல்வதில்லையே. முன்பெல்லாம் மறுவாழ்வு மையங்களிலும் இதே எண்ணம்தான் இருந்தது. முதலில் வருடக்கணக்கில் கவர் ஒட்டி, மெழுகுவர்த்தி செய்து பழக வேண்டும், வேலை அப்புறம்தான். அந்த ‘அப்புறம்’ பலருக்கு வரவே இல்லை. 1990-களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற இரு மனநல ஆய்வாளர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் அவர் விரும்பும் சாதாரண வேலையிலேயே சேர்த்துவிடுவது, சேர்ந்த பிறகு பக்கத்தில் நின்று கைகொடுப்பது. வேலை தேடித் தருபவரும் மருத்துவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். வேலை கிடைத்ததும் கையைக் கழுவிவிட மாட்டார்கள். பல நாடுகளில் இதைச் சோதித்தபோது, பழைய முறையைவிடக் கூடுதல் பேர் வேலையில் சேர்ந்தார்கள்.

சென்னையில் இந்த உதவிக்கு, 1984-இல் மனநல மருத்துவர் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் அண்ணா நகரில் இருக்கிறது. பேனியன் என்ற மனநலத் தொண்டு அமைப்பும் உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் வைத்தியம் என்றால் அங்குள்ள மறுவாழ்வுப் பிரிவில் விசாரியுங்கள். மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள், “வேலைக்கு யார் உதவுவார்கள்?” என்றும் வாய்விட்டுக் கேளுங்கள்.

என்ன வேலை என்பதில்தான் நிதானம் வேண்டும். முந்தைய இரண்டு வேலையை ஏன் விட்டார் என்று தம்பியிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வேலை தெரியாததால் இருக்காது. காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு எழ முடியாமல் போயிருக்கும், அல்லது சூபர்வைசரின் சத்தம் தாங்கியிருக்காது. இரவு மாத்திரையின் தூக்கம் காலையில் முழுசாகத் தெளியாது. அதனால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தாலும், உடனே பிரஸ், லேத் போன்ற மெஷினில் நிற்க வைக்க வேண்டாம். ஸ்டோர்ஸ், க்யூசி என்கிற தரப் பரிசோதனை, டிஸ்பேட்ச் போன்றவை அவர் படிப்புக்கும் பொருந்தும், கைக்கும் ஆபத்தில்லை. ஜெனரல் ஷிஃப்ட்டாகப் பாருங்கள். நைட் ஷிஃப்ட்டுக்குச் சம்பளம் கூட என்றாலும் வேண்டாம், தூக்கம் கெட்டால் நோய் திரும்ப அதுவே வழி. மாத்திரை வேளையை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தியோ குறைத்தோ பார்க்காதீர்கள்.

நோயின் பெயரைக் கம்பெனியில் சொல்லியே தீர வேண்டும் என்பதில்லை. மருத்துவ விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்வது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்குத் தரும் உரிமை. ஆனால் பொய்யும் சொல்ல வேண்டாம். “உடம்பு சரியில்லாமல் இருந்தது, வைத்தியம் பார்த்துக்கொண்டேன், இப்போது வேலை செய்ய முடியும்” என்பது இடைவெளிக்குப் போதுமான பதில், உண்மையும்கூட. வீட்டில் நீங்கள் மேனேஜராக உட்கார்ந்து நான்கைந்து தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக லீவு வேண்டுமென்றால் அதை மட்டும் கேட்டால் போதும். அதற்கு மேல் சொல்வதா வேண்டாமா என்பது தம்பியின் முடிவு, உங்களுடையதோ அப்பாவுடையதோ அல்ல.

சான்றிதழ் விஷயத்தில் எனக்கு மனவருத்தம் உண்டு. பெயர் கெடும் என்று பயந்து கிடைக்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடக்கம். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அரசு வேலையில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவுகளுக்கான 1 சதவீதத்தில் அவரும் போட்டியிடலாம். கையில் அட்டை இருப்பதால் எங்கும் நீட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, தேவைப்படும் இடத்தில் மட்டும் காட்டலாம்.

இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சான்றிதழுக்கான பரிசோதனையில், தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறருடன் பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என நான்கையும் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். எத்தனை வருட நோய் என்பதும் சேரும். அன்றைக்குப் பார்த்து இஸ்திரி போட்ட சட்டை மாட்டி அழைத்துப்போய், எதைக் கேட்டாலும் “நல்லா இருக்கான் டாக்டர்” என்கிறார்கள் வீட்டார். நாம் நினைவுபடுத்தினால்தான் குளிக்கிறார், கடைக்குத் தனியே போவதில்லை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள்.

வேலையில் சேருமுன் மூவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தூக்கம் வராவிட்டாலோ சந்தேகம் தலைதூக்கினாலோ யாரிடம் சொல்வது, எந்த மருத்துவரை அழைப்பது என்று எழுதி வையுங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். முதல் மாதச் சம்பளத்தை அப்பா வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம், தம்பியின் பெயரில் உள்ள கணக்கிலேயே வரட்டும்.