தாலுகா பக்கம் ஏன் முதலில் போகிறது?

வணக்கம். எங்களுடையது ஒரு தாலுகா ஊர். நாங்கள் வாங்கும் தமிழ் நாளிதழில் எங்கள் வட்டாரத்துக்கு இரண்டு பக்கம் வந்துகொண்டிருந்தது. இப்போது மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே பக்கம். ஏஜென்டும் இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறாராம். எல்லாவற்றுக்கும் செல்போன்தான் காரணமா? நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஊருக்கென்று ஒரு தினசரி தொடங்க நினைக்கிறோம். நடக்குமா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செல்போன் பாதிக் காரணம். மீதியை ஒரு தராசை வைத்தே பார்த்துவிடலாம். 16 பக்க நாளிதழ் என்பது நடுவில் மடித்த நான்கு தாள். ஒரு தாள் சுமார் 66 செ.மீ.க்கு 54 செ.மீ. சதுர மீட்டருக்கு 45 கிராம் எடையுள்ள நியூஸ்பிரின்ட் (நாளிதழ்க் காகிதம்) என்றால் தாளுக்கு 16 கிராம், பேப்பருக்கு 64 கிராம். காகிதம் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் காகிதச் செலவே 3 ரூபாய் 84 காசு. பேப்பர் விலை 7 ரூபாய், ஏஜென்ட் கமிஷன் அதில் கால் பங்கு என்றால் கைக்கு வருவது 5.25. மிஞ்சும் 1 ரூபாய் 41 காசில்தான் மை, பிளேட் (அச்சுத் தகடு), மின்சாரம், வேன், ரிட்டர்ன் (விற்காமல் திரும்பும் பிரதி), சம்பளம் எல்லாம். விளம்பரம் இல்லாமல் இந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது. 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி இறக்குமதிக் காகிதம் எகிறியபோது பல பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தது இதனால்தான். (கரும்புச் சக்கையில் நியூஸ்பிரின்டும் செய்யத் தொடங்கிய நம் கரூர் மாவட்டத்து அரசு காகித ஆலையான டிஎன்பிஎல்லும் பிறகு எழுதும் தாளுக்கும் அச்சுத் தாளுக்கும் மாறிவிட்டது.)

உங்கள் இரண்டு பக்கம் போனதற்குக் காரணம் பிளேட். ஒரு கலர் பக்கத்துக்கு, நிறத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட் வேண்டும். இரண்டு பக்கத்துக்கு எட்டு. 50,000 பிரதி ஓட்டினாலும் எட்டு, 3,000 பிரதி ஓட்டினாலும் எட்டு. அதோடு, பக்கம் மாற்ற மிஷினை நிறுத்த வேண்டும். மறுபடி ஓடத் தொடங்கும்போது நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை நூற்றுக்கணக்கான பிரதிகள் வேஸ்ட். ஒரு வட்டாரத்தில் விற்பனை சரியச் சரிய இந்தச் செலவு ஒவ்வொரு பிரதியின் தலையிலும் ஏறும். உடனே பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள். சேர்த்த பிறகு பக்கத்து ஊர் அச்சகம் தேவையில்லை. கட்டு இன்னும் தொலைவிலிருந்து வரவேண்டும். அதற்காக இரவுச் செய்தி முன்கூட்டியே முடிக்கப்படும். முந்தின நாள் இரவு நடந்த விபத்து மறுநாள் பேப்பரில் இருக்காது. அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் நிறுத்துவார்கள். விற்பனை குறைந்ததால் பக்கம் போனது என்பார்கள். பக்கம் போனதால் குறைந்த விற்பனையை யாரும் எண்ணுவதில்லை. எனக்கு இதில்தான் கோபம்.

ஏஜென்டையும் குறை சொல்லாதீர்கள். கட்டுக்கு டெபாசிட் கட்டி, விடிவதற்கு முன் பிரித்து, பேப்பர் போடும் பையன்களைத் தேடிப் பிடித்து, மாதக் கடைசியில் வீடுவீடாக வசூலுக்கு அலைகிறார். கமிஷனுக்கு மேல் அவருக்குக் கைகொடுத்தது, பேப்பருக்குள் ஜவுளிக்கடை, டியூஷன் சென்டர் நோட்டீஸ் செருகும் காசு. அந்த நோட்டீஸ் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. 2020 ஊரடங்கில் பேப்பர் வேண்டாம் என்ற வீடுகளில் பல திரும்பவும் கேட்கவே இல்லை.

இதில் ஊருக்கு வரும் சேதம் பெரிது. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, அறிவிக்கையை அந்தப் பகுதியில் புழங்கும் இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும். ஒன்று வட்டார மொழியில். நீதிமன்றம் பத்திரிகை வழியாகச் சம்மன் அனுப்பும்போதும், பிரதிவாதி கடைசியாக வசித்த இடத்தில் புழங்கும் நாளிதழில் வரவேண்டும் என்பதே விதி. பேப்பர் வராத தெருவில் இருப்பவருக்கும் அந்த அறிவிப்பு சட்டப்படி செல்லுபடியாகும். அவர் நிலம் போவது அவருக்கே தெரியாமல் போகலாம்.

இனி உங்கள் திட்டம். தினசரி வேண்டாம், நான்கு பேரால் வருடம் முழுக்க இரவு வேலை பார்க்க முடியாது. நான்கு பக்க வார இதழ் முடியும். 18க்கு 23 அங்குல டெமி தாளை ஒருமுறை மடித்தால் நான்கு பக்கம். ஒரே நிறம், தாளின் இரண்டு புறத்துக்கும் சேர்த்து இரண்டே பிளேட். 1,000 பிரதிக்கு இரண்டு ரீம் (ரீமுக்கு 500 தாள்), வேஸ்டுக்கு ஐம்பது தாள் கூடுதல். முதலில் பதிவு செய்யுங்கள். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தலைப்புக்கும் பதிவுக்கும் சேர்த்து மத்திய அரசின் பிரஸ் சேவா இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே இருக்கும் தலைப்பை ஒத்திருந்தால் கிடைக்காது; மாற்றுப் பெயர்களைக் கையில் வைத்திருங்கள்.

சினிமாவும் சென்னை அரசியலும் உங்களுக்கு எதற்கு? நகராட்சிக் கூட்டத் தீர்மானம், டெண்டர் தளத்தில் உங்கள் ஊர் வேலைகள், மின்தடை நாள், சந்தை விலை, இறப்புச் செய்தி இவை போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய, சுற்றுவட்டார ஊராட்சிகளின் கிராம சபை நாட்களுக்கு இப்போதே ஆள் பிரித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத் தொகை கேட்டால் தரமாட்டார்கள்; 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும்.

இப்படிப்பட்ட இதழ்கள் பெரும்பாலும் விளம்பரப் பாக்கியில்தான் சாகின்றன. முன்பணம் வாங்காமல் ஒரு அங்குலமும் போடாதீர்கள். செய்தி எழுதுபவரை விளம்பரம் கேட்க அனுப்பவே கூடாது. பெரிய பத்திரிகைகளின் பகுதிநேர நிருபர்கள் பலரிடம் அந்த இரண்டு வேலையும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. ஒப்பந்ததாரரிடம் விளம்பரம் வாங்கியவர் அவர் போட்ட ரோட்டைப் பற்றி எப்படி எழுதுவார்? உங்கள் நான்கு பேரில் வசூலுக்கு யார் என்பதை முதல் இதழுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஓய்கிற ஏஜென்ட் சம்மதித்தால் அவரையே கேட்டுப் பாருங்கள். எந்த வீட்டில் எந்தத் தேதிக்குப் பணம் வரும் என்று அவருக்குத்தான் தெரியும்.