'லவ்' என்ற சொல்லுக்கு ரைம்

மகளின் ஆங்கிலக் கவிதையில் 'லவ்' என்று முடியும் வரிக்கு 'மூவ்', 'ஸ்டோவ்' இரண்டையும் போட்டுப் பார்த்தேன், டீச்சர் சுழித்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். டீச்சர் சொன்னது சரிதான். மூன்றும் ஒரே மாதிரி முடிவது எழுத்தில் மட்டும். உச்சரிப்பில் மூன்றும் வேறு. ஆங்கிலத்தில் ரைம் என்பது காது சமாச்சாரம். கடைசியாக அழுத்தம் விழும் உயிரொலியிலிருந்து சொல் முடியும் வரை ஒன்றாக ஒலிக்க வேண்டும், அதற்கு முந்தைய மெய் மாறியிருக்க வேண்டும். நம் எதுகையைப் போல முன்னால் தேடாதீர்கள், இயைபைப் போல வால் பக்கம் பாருங்கள்.

சிக்கல் என்னவென்றால், இவ்வளவு புழங்கும் சொல்லுக்கு உருப்படியான ஜோடி நாலைந்துதான்: 'டவ்' (புறா), 'க்ளவ்' (கையுறை), 'அபவ்' (மேலே), 'ஷவ்' (தள்ளு). ஆங்கிலக் காதல் பாட்டுகளில் புறாவும் வானமும் ஓயாமல் வருவதற்கு இந்தப் பஞ்சமும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். 'ஆஃப்' (of) என்று நாம் படிக்கும் இடைச்சொல்லை அமெரிக்கர்கள் அழுத்திச் சொன்னால் 'அவ்' என்றே வரும். அங்கே அதுவும் பொருந்தும். பிரிட்டிஷ் உச்சரிப்பில் பொருந்தாது.

என்னைக் கேட்டால் வரியையே திருப்பிப் போடுங்கள். 'ஐ லவ் தி ரெயின்' என்று எழுதினால் 'லவ்' நடுவில் போய்விடும், கடைசியில் 'ரெயின்' நிற்கும். அப்புறம் 'ட்ரெயின்', 'லேன்', 'அகெயின்', 'விண்டோ பேன்' என்று அள்ளலாம். 'லேன்' எழுத்தில் வேறு மாதிரி முடிந்தாலும் ஒலி ஒன்றுதான், டீச்சர் சுழிக்க மாட்டார். இன்னும் வேண்டுமென்றால் 'ரைம்ஜோன்' தளத்தில் சொல்லை இட்டுத் தேடுங்கள். ரைம் ஆகும் சொற்களை அசை எண்ணிக்கைப்படி பிரித்துத் தரும்.