மகளின் விண்ணப்பத்தில் அப்பாவின் கை

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகள் 12-ஆம் வகுப்புப் படிக்கிறாள். நான் ஊரில் பிளஸ் டூ முடித்தபோது மதிப்பெண் வந்தது, கட்-ஆஃப் போட்டார்கள், கவுன்சலிங்கில் என் முறை வந்தபோது மீதியிருந்த இடங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். இங்கே கட்டுரை, பரிந்துரைக் கடிதம், ஏர்லி டெசிஷன் என்று மகள் சொல்வதில் பாதி எனக்குப் புரியவில்லை. கட்டுரையைக் காட்டச் சொன்னால் மடிக்கணினியை மூடிவிடுகிறாள். போன வாரம் என் கணவர் அவளுக்குத் தெரியாமல், பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் அவளுடைய கணக்கைத் திறந்துவிட்டார். வார இறுதிகளில் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் அவள் வேலை பார்ப்பதை நீக்கிவிட்டார். தமிழ்ப் பள்ளியில் ‘உதவி ஆசிரியை’ என்று இருந்ததை ‘நிறுவனர்’ என்று மாற்றினார். கல்லா வேலையைப் பற்றி அவள் எழுதியிருந்த கட்டுரையை எடுத்துவிட்டு, ரோபாட்டிக்ஸ் போட்டி பற்றித் தானே ஒன்றை எழுதி வைத்தார். மகள் கண்டுபிடித்துவிட்டாள், அப்பாவிடம் பேசுவதில்லை. அவள் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு ஏர்லி டெசிஷனில் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறாள். ‘இவ்வளவு மதிப்பெண் எடுத்தவளுக்கு ஸ்காலர்ஷிப் தராமலா போவார்கள்?’ என்கிறார் கணவர். நாங்கள் எந்த அளவுக்கு உதவலாம்? உறவினர்கள் வேறு தினமும் கேட்கிறார்கள், என்ன சொல்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் இன்னும் போகவில்லை. ஆகவே எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அந்த ‘நிறுவனர்’ இன்றிரவுக்குள் போக வேண்டும். மகள் கையாலேயே போகட்டும். உங்கள் கணவர் மறுபடியும் அந்தக் கணக்கைத் திறக்க வேண்டாம். விண்ணப்பத்தை அனுப்பும் முன் மாணவர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும்: இதில் இருப்பவை எல்லாம் உண்மை, எழுதியது நானே. பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறக் கல்லூரிக்கு உரிமை உண்டு, சேர்ந்து படிக்கத் தொடங்கிய பிறகும்கூட. அப்பா தட்டச்சு செய்த சொல்லுக்கு மகள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதுவும் எவ்வளவு தேவையில்லாத பொய்! ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்து ‘ழ’ சொல்லிக் கொடுப்பவளை ‘உதவி ஆசிரியை’ என்று எழுதினாலே போதும்.

அடுத்து அந்தக் கல்லா. இதில் உங்கள் கணவர் மீது எனக்குக் கோபமே வருகிறது. ‘மாஸ்டர்ஸ் படிக்கும்போது கேன்டீனில் தட்டு கழுவினேன்’ என்று விருந்துகளில் பெருமையாகச் சொல்லும் அப்பாக்கள் நம்மிடையே எத்தனை பேர்! மகள் சூப்பர் மார்க்கெட்டில் நின்றால் மட்டும் அது மறைக்க வேண்டிய சங்கதி ஆகிவிடுகிறது. காமன் ஆப் விண்ணப்பத்தில் படிப்புக்கு வெளியே செய்தவற்றைச் சொல்லப் பத்து இடங்கள் இருக்கின்றன. சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கு அங்கே தனி வகையே உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற குடும்பப் பொறுப்புக்கும் உண்டு. கல்லூரிகள் கேட்பதால்தான் அவை அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றையும் விவரிக்கக் கிடைப்பது 150 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. அந்த இடத்துக்குள் ‘கல்லாவில் வேலை’ என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. ‘கூப்பன் தகராறுகளைத் தீர்ப்பேன், இரவு பணம் எண்ணி ஒப்படைப்பேன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தேன்’ என்று எழுதினால் ஆள் தெரிகிறாள். உங்கள் மகள் அங்கே உண்மையில் என்ன செய்கிறாள் என்று சாப்பாட்டு மேசையில் கேளுங்கள். சொல்லச் சொல்ல அவளே எழுதிக்கொள்வாள்.

கட்டுரை விஷயம் இன்னும் எளிது. 650 சொற்கள்தான். ரோபாட்டிக்ஸ் போட்டி ஏற்கெனவே அந்தப் பத்தில் ஒன்றாக இருக்கும். அதையே கட்டுரையிலும் திருப்பிச் சொன்னால் இடம் வீண். நாற்பத்தைந்து வயது பொறியாளர் பதினேழு வயதுப் பெண்ணாக எழுதும்போது, மூன்றாவது வரியிலேயே அலுவலக அறிக்கையின் வாசனை வந்துவிடும். வருடம் முழுக்கப் பதினேழு வயதுப் பிள்ளைகளின் எழுத்தைப் படிப்பவர்களுக்கு அது புரியாமல் போகாது. (செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கலாமே என்று யாராவது யோசனை சொல்லியிருந்தால்: அப்படி எழுதியதைச் சொந்த எழுத்தாகக் கொடுப்பதையும் காமன் ஆப் மோசடிப் பட்டியலில் வைத்திருக்கிறது.) மகள் கூகுள் டாக்ஸில் எழுதி வைத்திருந்தால் பழைய வடிவம் அங்கே இருக்கும். அதை எடுத்துப் போடட்டும், கடவுச்சொல்லை மாற்றட்டும். கணவர் மன்னிப்புக் கேட்க வேண்டும், விளக்கம் இல்லாமல். ‘உன் நன்மைக்காகத்தான்’ என்று தொடங்கினால் அது மன்னிப்புக் கேட்பது ஆகாது.

கட்டுரையை அவள் உங்களிடம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. காட்டினால், பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். திருத்தம் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். ‘அந்த ஆளுக்கு நீ என்ன பதில் சொன்னாய்?’ என்று ஒரு கேள்வி கேட்டால், விட்டுப்போன நல்ல வரி அவளுக்கே நினைவுக்கு வரும். எழுத்துப் பிழை பார்க்க அவளுடைய ஆங்கில ஆசிரியர் இருக்கிறார்.

‘அப்படியானால் நாங்கள் எதற்கு?’ என்று கேட்பீர்கள். உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதிய கடிதத்தில் அதைப் பற்றித்தான் ஒரு வரியும் இல்லை: நான்கு ஆண்டுப் படிப்புக்கு உங்கள் குடும்பத்தால் எவ்வளவு கொடுக்க முடியும்?

நம் வீடுகளில் சம்பளம் எவ்வளவு என்று பிள்ளைகளிடம் சொல்வதில்லை. ‘நீ படி, பணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பது நம் பாசத்தின் மொழி. கவுன்சலிங்கில் இடம் எடுத்த நமக்கு அந்த வாக்கியம் பொருந்தியது. அங்கே கட்டணம் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும். இங்கே ஒரே கல்லூரி இரண்டு குடும்பங்களிடம் இரண்டு விலை கேட்கும். பல தனியார் பல்கலைக்கழகங்களில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுச் செலவு 90,000 டாலரைத் தாண்டிவிட்டது. நான்கு ஆண்டுக்கு 3,60,000 டாலருக்கு மேல். உங்கள் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் நியூ ஜெர்சிவாசிக்கு ஆகும் செலவு அதில் பாதிக்கும் குறைவு. அதே சமயம், உங்கள் வருமானத்தைப் பொறுத்து அந்தத் தனியார் பல்கலைக்கழகமே ரட்கர்ஸை விட மலிவாகவும் அமையலாம். 2,00,000 டாலருக்குள் வருமானமும் அதற்கேற்ற சாதாரணச் சொத்தும் உள்ள குடும்பங்களிடம் 2025-26 கல்வியாண்டு முதல் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்று ஹார்வர்டு அறிவித்தது. கணக்குப் போட்டுப் பார்க்காமல் எதுவும் தெரியாது.

கணக்குப் போட ஒரு கருவி இருக்கிறது. மத்திய அரசின் கல்வி உதவித் திட்டங்களில் பங்கேற்கும் கல்லூரிகள் எல்லாம் தங்கள் இணையதளத்தில், உதவித்தொகை போக உங்கள் குடும்பம் கொடுக்க வேண்டியதை மதிப்பிடும் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். வரிக் கணக்கையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு கல்லூரிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. நீங்கள், கணவர், மகள் மூவரும் சேர்ந்து உட்காருங்கள். மகள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் போட்டுப் பாருங்கள். வரும் தொகை மதிப்பீடுதான். இருந்தாலும் ‘தராமலா போவார்கள்’ என்ற நம்பிக்கையை விட எவ்வளவோ மேல்.

அந்த நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐவி லீக் எனப்படும் புகழ்பெற்ற எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களும் எம்ஐடியும் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை. அங்கே இடம் பெறுபவர்கள் எல்லாருமே நன்றாகப் படிப்பவர்கள்தான். குடும்பத்தின் தேவையைப் பார்த்து மட்டுமே பணம் தருகிறார்கள். மதிப்பெண்ணுக்குப் பணம் தருபவை பெரும்பாலும் அவற்றுக்கு அடுத்த வரிசையில் உள்ள தனியார் கல்லூரிகளும் பல மாநிலப் பல்கலைக்கழகங்களும். மகளின் பட்டியலில் அப்படி இரண்டு மூன்று இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதெல்லாம் ஏர்லி டெசிஷனுக்கு முன் முடிய வேண்டும். ஏர்லி டெசிஷன் என்பது வாக்குக் கொடுப்பது. இடம் கிடைத்தால் கட்டாயம் சேருவேன், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவேன் என்ற ஒப்பந்தம். அதில் மகளும், பள்ளியில் மேற்படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சலரும் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. பெற்றோரும் இட வேண்டும். பெரும்பாலான இடங்களில் கடைசித் தேதி நவம்பர் 1 அல்லது 15. முடிவு டிசம்பர் நடுவில் வரும். இந்த வழியில் விண்ணப்பிப்பவர்களில் இடம் பெறும் விகிதம் பெரும்பாலும் கூடுதல் என்பது உண்மைதான். அதற்குக் கொடுக்கும் விலை, நாலைந்து கல்லூரிகள் தரும் தொகையை வசந்த காலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மே 1-க்குள் முடிவெடுக்கும் வாய்ப்பை இழப்பது. கல்லூரி தரும் உதவி போதவில்லை என்றால் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்க இடமுண்டு. ஆனால் மகள் பெட்டி கட்டத் தயாராகிவிட்ட பிறகு அதைச் செய்வது எத்தனை பெற்றோரால் முடியும்? கால்குலேட்டர் காட்டும் தொகையை நீங்கள் இருவரும் பார்த்து, ‘இது நம்மால் ஆகும்’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு கையெழுத்திடுங்கள். ஆகாது என்றால் இப்போதே சொல்லுங்கள். செப்டம்பரில் சொன்னால் மகள் ஒரு வாரம் அழுவாள். டிசம்பரில் சொன்னால் அந்தக் குளிர்காலம் முழுக்க வீடு வீடாக இருக்காது.

உதவி கேட்கும் படிவங்கள் உங்கள் பொறுப்பு. மத்திய அரசின் கல்வி உதவிக்கான படிவமான ஃபாஃப்ஸா வழக்கமாக அக்டோபர் 1-இல் திறக்கும். பெற்றோர் தரப்புக்கும் தனிக் கணக்கு வேண்டும், இணையத்தில் அதை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள். பல தனியார் கல்லூரிகள் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இரண்டாவது படிவத்தையும் கேட்கும்; இது இன்னும் துருவும். நம்மவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம்: குடியிருக்கும் வீட்டையும் ஓய்வூதியச் சேமிப்பையும் ஃபாஃப்ஸா கணக்கில் எடுப்பதில்லை; ஆனால் கோயம்புத்தூரில் வாடகைக்கு விட்டிருக்கும் ஃபிளாட் முதலீடு. அதைக் காட்ட வேண்டும். ‘அது இந்தியாவில்தானே இருக்கிறது’ என்ற வாதம் செல்லாது. கால்குலேட்டரிலும் அதைச் சேர்த்தே போடுங்கள்.

உங்கள் விசா நிலை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. மகள் குடியுரிமை பெற்றவள் அல்லது கிரீன் கார்டு உள்ளவள் என்றால் மேலே சொன்னது பொருந்தும். இன்னும் எச்-4 (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசா) என்றால் மத்திய அரசின் உதவி அவளுக்குக் கிடையாது. பல கல்லூரிகள் உதவித்தொகை விஷயத்தில் அவளை வெளிநாட்டு மாணவியாகவே பார்க்கும். மாநிலவாசிக்கான கட்டணம் கிடைக்குமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒவ்வொரு கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் கையில் இருக்கட்டும். இரண்டாம் வகுப்பிலிருந்து அமெரிக்காவில் படித்த பிள்ளைக்கு இது அநியாயமாகத்தான் படும். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

எழுதியே தீர வேண்டும் என்று கணவருக்குக் கை துறுதுறுத்தால் அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. பல பள்ளிகளில் கவுன்சலர்கள் பரிந்துரைக் கடிதம் எழுதும் முன் பெற்றோருக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்புவார்கள்: உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று. நூற்றுக்கணக்கான மாணவர்களைக் கவனிக்கும் கவுன்சலருக்கு அது பெரிய உதவி. ‘கடின உழைப்பாளி, புத்திசாலி’ என்று எழுதினால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. பனிப்புயல் நாளில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மருந்து வாங்கி வர அவள் நடந்தே போனாள் என்பது போல, நடந்தது ஏதாவது இருந்தால் அதை எழுதச் சொல்லுங்கள்.

ஆலோசகர் வைக்கலாமா என்ற யோசனையும் உங்கள் வீட்டில் வரும். பட்டியல் போட உதவுபவருக்குப் பணம் கொடுப்பது உங்கள் விருப்பம். ‘கட்டுரையை நாங்களே முடித்துத் தருகிறோம்’ என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். அந்த வேலையை உங்கள் வீட்டில் ஒருவர் இலவசமாகவே செய்து பார்த்துவிட்டார்.

உறவினர்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கெல்லாம் விண்ணப்பிக்கிறாள் என்று யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று மகளையே கேளுங்கள். ‘யாரிடமும் வேண்டாம்’ என்று சொன்னால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘மே மாதம் சொல்கிறோம்’ என்று ஒரே வரி போட்டுவிடுங்கள். சென்னையில் இருக்கும் பெரியம்மா இரண்டு நாள் கோபித்துக்கொள்வார், பொறுத்துக்கொள்ளலாம்.