ஊடகமும் இளையவர்களும்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி (ஒரு தாய்): அடிதடிக் காட்சிகளைப் பார்த்தால் பிள்ளைகளும் அப்படியே ஆகிவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: கற்றுக்கொள்வது வேறு, செய்வது வேறு. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் நடத்திய பொம்மைச் சோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைக் கண்ட சிறுவர்களும் அடித்தார்கள். பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1965-இல் வந்த தொடர்ச்சிதான் முக்கியம். அடித்தவர் தண்டிக்கப்படுவதாகப் படம் பார்த்த பிள்ளைகள் அவ்வளவாக அடிக்கவில்லை. ஆனால், 'பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு' என்றதும் எல்லாக் குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவில் செய்து காட்டின. எல்லாம் மனதில் பதிந்துதான் இருந்தது.

ஆகவே எத்தனை அடி விழுந்தது என்று எண்ண வேண்டாம். அடித்தவனுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்று பாருங்கள்: கைதட்டலா, காதலியா, சிறையா? மகனிடமும் அதையே கேளுங்கள். ஒன்று, அந்தச் சோதனையில் இருந்தவர்கள் மழலையர் பள்ளிக் குழந்தைகள். பதினாறு வயதுப் பையனுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): அப்படியானால் பதின்வயதினரிடம் பாதிப்பு எங்கேதான் தெரிகிறது?

பதில்: 'ஊரில் எல்லாரும் இப்படித்தான்' என்ற எண்ணத்தில். திரை எதையும் போதிக்க வேண்டியதில்லை, திரும்பத் திரும்பக் காட்டினாலே போதும். தொலைக்காட்சி அதிகம் பார்ப்பவர்கள் தாங்கள் குற்றத்துக்கு ஆளாகும் வாய்ப்பை மிகையாக மதிப்பிடுகிறார்கள் என்று ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னரின் குழு சொன்னது இதைத்தான்.

உடல் தோற்றத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஃபிஜித் தீவில் நாட்ரோகா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. வந்த புதிதில் ஒருமுறையும் 1998-இல் மறுமுறையும் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் உணவுப் பழக்கம் பற்றி ஒரு வினாத்தாள் கொடுத்துக் கேட்டார். உணவுக் கோளாறு இருக்கலாம் என்று கவலைப்படும் அளவுக்கு மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆனார்கள். எடை குறைக்க வாந்தி எடுப்பவர் முதலில் ஒருவரும் இல்லை, பிறகு 11.3 சதவீதம். திரையில் வரும் பெண்களைப் போல ஆக வேண்டும் என்று மாணவிகளே சொன்னார்கள்.

இதை வகுப்பில் சொல்வதானால் ஓட்டைகளையும் சொல்லுங்கள். இரு முறையும் கேட்கப்பட்டவர்கள் வெவ்வேறு மாணவிகள், முறைக்கு அறுபத்துச் சொச்சம் பேர்தான். தொலைக்காட்சி வராத ஊரோடு ஒப்பிடவும் இல்லை. வலுவான அறிகுறி என்பேன். முடிந்த முடிவு என்று சொல்லமாட்டேன்.

கேள்வி (வயது 17): அண்ணா, ஒரு யூடியூபரைப் பார்த்துப் பார்த்து என் பேச்சு, முடிவெட்டு எல்லாம் அவரைப் போலவே ஆகிவிட்டது. நண்பர்கள் 'காப்பி' என்று கிண்டல் செய்கிறார்கள். எனக்கென்று ஒன்றுமே இல்லையா?

பதில்: தம்பி, உன் வயதில் போட்டுப் பார்ப்பதும் கழற்றிப் போடுவதும் நடக்க வேண்டிய வேலை. உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-இல் அடையாளம் உருவாவதை இரண்டு கேள்விகளால் அளந்தார்: தேடிப் பார்த்தாயா? ஒன்றில் உறுதியாக நிற்கிறாயா? தேடாமலே ஒட்டிக்கொள்வதுதான் சிக்கல்.

சோதித்துப் பார். அவர் சொன்னதில் நீ ஒப்புக்கொள்ளாத மூன்று விஷயங்களை எழுது. பேனா நகரவில்லை என்றால் கொஞ்சம் விலகி நின்று பார்க்க வேண்டிய நேரம். அடுத்து, அவர் ஒரு பொருளைப் பரிந்துரைக்கும்போது அது பணம் வாங்கிச் செய்த விளம்பரமா என்று கவனி. கேமராவைப் பார்த்து 'நண்பா' என்று கூப்பிடுவதால் நெருக்கம் தோன்றும். ஹார்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-லேயே இந்த ஒருதலை நட்பைப் பற்றி எழுதிவிட்டார்கள். அப்போது இருந்தது வானொலியும் தொலைக்காட்சியும்தான். முடிவெட்டு இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் திரை பார்த்தால் சரி?

பதில்: மணிக்கணக்கு மட்டும் அதிகம் சொல்லாது. ஆர்பன், ஷிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2019-இல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை அலசினார்கள். மனநலத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில், டிஜிட்டல் பயன்பாட்டோடு சேர்த்துப் பார்க்க முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம். இது சராசரி, உங்கள் பிள்ளை சராசரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தூக்கத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், உங்களுடையதும்.

கேள்வி (கல்லூரி மாணவி): ஒரே மாதிரி வீடியோக்கள்தான் வருகின்றன: ஒல்லி உடல், பணக்கார வாழ்க்கை. எப்படி மாற்றுவது?

பதில்: பிடித்துப் பார்த்தீர்களா, எரிச்சலோடு பார்த்தீர்களா என்று செயலிக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் நின்றீர்கள், திரும்பப் பார்த்தீர்களா, பகிர்ந்தீர்களா என்பதே கணக்கு. திட்டிப் போடும் கமெண்டும் ஈடுபாடுதான். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான்.

முதலில் பார்வை வரலாற்றை அழியுங்கள். யூடியூபில் அழித்ததோடு பதிவதையும் நிறுத்திவைத்தால் முகப்பு ஏறக்குறைய காலியாகிவிடும். தானாக ஓடுவதை அணையுங்கள். வேண்டாதது வந்தால் முழுதாகப் பார்த்துவிட்டு அல்ல, வந்தவுடனே 'ஆர்வமில்லை' கொடுங்கள். பிறகு வேண்டியதைத் தேடிப் பார்த்து, பத்துப் பதினைந்து கணக்குகளைக் கையால் சேருங்கள். ஒரே நாளில் மாறாது. தங்கையும் அதே கணக்கில் பார்த்தால் எல்லாம் வீண். அவருக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

கேள்வி (அதே ஆசிரியர்): 'மற்றவர்கள் கெட்டுப்போவார்கள், எனக்கு ஒன்றும் ஆகாது' என்கிறார்கள் மாணவர்கள். ஒரு வகுப்பு நேரத்தில் என்ன செய்யலாம்?

பதில்: பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறோம்; சமூகவியலாளர் டேவிசன் 1983-இல் இதை மூன்றாமவர் விளைவு என்றார். அறிவுரையை விட்டுவிட்டு எண்ணச் சொல்லுங்கள். மாணவர்களே தேர்ந்தெடுத்த மூன்று நிமிடத் துண்டு ஒன்று போதும். முதல் தடவை ஒலியை அணைத்து ஓட்டுங்கள். ஒரு குழு யார் எத்தனை விநாடி திரையில் இருந்தார் என்று குறிக்கட்டும்; இன்னொன்று முகமா, உடலா என்று. இரண்டாம் தடவை படத்தை மறைத்து ஒலி மட்டும்: யார் பேசினார், யார் பேச்சு குறுக்கே வெட்டப்பட்டது? எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, 'இந்தத் துண்டை மட்டுமே பார்த்த வெளிக்கிரகவாசி நம்மைப் பற்றி என்ன நினைப்பான்?' என்று ஒரே கேள்வி.

அவர்களுக்குப் பிடித்த நட்சத்திரத்தை நீங்களாகக் குறைசொல்லாதீர்கள். அதோடு வகுப்பு முழுக்க வழக்கறிஞர்களாகிவிடும், எண்ணிக்கை மூலையில் கிடக்கும். எண்ணி முடித்ததும் குறை சொல்ல வேண்டியதை அவர்களே சொல்வார்கள். சொல்லாவிட்டால் அடுத்த வாரம் வேறு துண்டு.